ஒரே கம்பியில் மின்சாரமும் படமும்: தோட்டத்துக் கேமராவுக்கு பி.ஓ.இ. ஸ்விட்ச்

கிணற்று மோட்டாரின் செம்புக் கேபிளை அறுத்துச் செல்வது, பட்டியில் கிடக்கும் ஆட்டை இரவோடு இரவாக ஓட்டிச் செல்வது போன்ற திருட்டுகள் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் புதிதல்ல. ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் தோட்டத்து வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கவலை இன்னும் அதிகம். அதனால் கேமரா பொருத்தும் விவசாயிகள் பெருகி வருகிறார்கள். ஆனால் தேவைப்படும் நேரத்தில் அந்தக் கேமரா ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

தோட்டத்தில் கேமரா நின்றுபோனால், பெரும்பாலும் கோளாறு கேமராவில் இருப்பதில்லை. அதற்குப் போகும் மின்சாரத்தில்தான் இருக்கும். மோட்டார் அறையில் ஒரு அடாப்டர், கொட்டகையில் ஒரு அடாப்டர் என்று இடத்துக்கு ஒன்றாகச் செருகி வைக்கிறோம். மின்சாரம் போனால் எல்லாம் ஒன்றாக அணைகின்றன. மின் அழுத்தம் ஏறி இறங்கினால் அடாப்டர் கருகுகிறது. திருட வருபவர் பிளக்கைப் பிடுங்கினாலே போதும். இதற்கு நல்ல மாற்று, பி.ஓ.இ. எனப்படும் 'பவர் ஓவர் ஈத்தர்நெட்' வசதியுள்ள ஸ்விட்ச்.

எப்படி வேலை செய்கிறது?

படத்தைக் கொண்டுவரும் நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்கு வேண்டிய மின்சாரத்தையும் இந்த ஸ்விட்ச் அனுப்புகிறது. கேமரா இருக்கும் இடத்தில் பிளக்கோ அடாப்டரோ தேவையில்லை. ஸ்விட்ச், ரெக்கார்டர், ரௌட்டர் மூன்றும் வீட்டுக்குள் ஒரே இடத்தில் இருக்கும். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் இன்வெர்ட்டர் கொடுத்தால், மின்வெட்டிலும் எல்லாக் கேமராக்களும் ஓடும்.

கேபிளில் போவது 48 வோல்ட் அளவிலான நேர் மின்சாரம். இதன் பயனை ஒரு கணக்கில் பார்க்கலாம். 6 வாட் கேமரா ஒன்றை 12 வோல்ட்டில் ஓட்ட 0.5 ஆம்பியர் வேண்டும். நெட்வொர்க் கேபிளில் உள்ளது போன்ற மெல்லிய செம்புக் கம்பியில் 90 மீட்டர் போய்த் திரும்ப, மின்தடை சுமார் 15 ஓம். வழியிலேயே 7.5 வோல்ட் போய்விடும். மிச்சத்தில் கேமரா ஓடாது. அதே கேமராவுக்கு 48 வோல்ட்டில் 0.125 ஆம்பியர் போதும். அதே கம்பியில் இழப்பு 2 வோல்ட்டுக்கும் குறைவு. நீளமான சொட்டுநீர்க் குழாயின் கடைசிச் செடிக்கும் தண்ணீர் போக, தொடக்கத்தில் அழுத்தம் வேண்டும் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

ஈரத் தரையுள்ள மாட்டுக்கொட்டகைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கேமராவுக்காக 230 வோல்ட் லைனை அங்கே இழுக்க வேண்டியதில்லை. மாடு கடித்து இழுத்தாலும், தண்ணீர் பட்டாலும், வீட்டு மின்சாரம் அளவுக்கு ஆபத்தில்லை.

வாட் கணக்கு முக்கியம்

இந்தத் தொழில்நுட்பத்துக்கு உலகப் பொதுத் தரம் உண்டு. 2003-இல் வந்த 802.3ஏ.எஃப். தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும். கேபிள் இழப்பு போக கருவிக்கு 12.95 வாட் கிடைக்கும். 2009-இல் வந்த 802.3ஏ.டி. தரத்தில் போர்ட்டுக்கு 30 வாட், கருவிக்கு 25.5 வாட். ஒரே திசையைப் பார்க்கும் சாதாரண கேமராவுக்கு முதல் வகையே போதும். சுழன்று பார்க்கும் கேமராவுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகை தேவைப்படும்.

கடையில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பெட்டியில் 'போர்ட்டுக்கு 30 வாட்' என்று அச்சிட்டிருக்கும். ஆனால் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஸ்விட்ச் தரக்கூடிய மொத்தம் 60 வாட் மட்டுமே இருக்கலாம். அந்த மொத்த அளவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதோடு, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் எடுக்கும். பகலில் நன்றாக ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து வரும் கேமராவுக்கு இந்தப் பற்றாக்குறை முக்கியக் காரணம். கணக்கை இரவு அளவை வைத்தே போடுங்கள். அதற்கு மேல் நான்கில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கட்டும்.

'பாசிவ்' வகை என்று மலிவாகக் கிடைப்பவற்றைத் தவிர்க்கலாம். தரமான ஸ்விட்ச், எதிர்முனையில் இருப்பது பி.ஓ.இ. கருவிதானா என்று சோதித்த பிறகே மின்சாரம் விடும். பாசிவ் வகை சோதிக்காமல் எப்போதும் மின்சாரம் விட்டுக்கொண்டிருக்கும். தெரியாமல் வேறு கருவியைச் செருகினால் அது கெட்டுப்போகலாம்.

தோட்டத்தை முதலில் அளந்துவிடுங்கள்

ஒரு நெட்வொர்க் கேபிளின் எல்லை 100 மீட்டர். ஆகவே, கேமரா வாங்குவதற்கு முன் டேப் பிடித்து அளந்து, தாளில் ஒரு வரைபடம் போடுங்கள். நேர்கோட்டில் அல்ல, கேபிள் போகும் வழியில் அளக்க வேண்டும்.

உதாரணமாக, வீட்டு வாசலில் ஒரு கேமரா, 40 மீட்டரில் கொட்டகை, 90 மீட்டரில் மோட்டார் அறை, அங்கிருந்து மேலும் 70 மீட்டரில் தோட்டத்து கேட் என்று வைத்துக்கொள்வோம். வாசலுக்கும் கொட்டகைக்கும் தனித்தனிக் கேபிள். மோட்டார் அறைக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்கே 'பி.ஓ.இ. எக்ஸ்டென்டர்' என்ற சிறு கருவியை வைத்தால், அது அதே கேபிளில் வரும் மின்சாரத்தில் ஓடி, மோட்டார் அறைக் கேமராவையும் கேட் கேமராவையும் இயக்கும். இரவில் கேமராவுக்கு 7 வாட், எக்ஸ்டென்டருக்கு 4 வாட் என்று கொண்டால், அந்த ஒரு போர்ட்டில் மட்டும் 18 வாட் ஆகிறது. எனவே அது 30 வாட் தரும் போர்ட்டாக இருக்க வேண்டும். நான்கு கேமராவுக்கும் சேர்த்து 32 வாட். மொத்தம் 60 வாட் உள்ள ஸ்விட்ச் தாராளமாகப் போதும்.

சில ஸ்விட்சுகளில் 250 மீட்டர் வரை அனுப்பும் வசதி உண்டு. அப்போது வேகம் 10 மெகாபிட்டாகக் குறையும். ஒரு கேமராவுக்கு அது போதும். தூரத்தில் பல கேமராக்கள் இருந்தால் போதாது.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள்

செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. தோட்டத்துக்கு அது ஆகாது. மின்தடை அதிகம், முறிந்துவிடும், ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும். முழுச் செம்பில் ஆன கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள், அதுவும் வெயில் தாங்கும் வெளிப்புற வகை வேண்டும். நுனியைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்.

எலி கடிக்காமல் இருக்கக் கேபிளைக் குழாய்க்குள் விட்டு, டிராக்டர் போகும் வழியில் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். ரோட்டாவேட்டர் ஓட்டுபவருக்கும் தெரியும்படி வரப்போரமாகக் கொண்டுபோய், அடையாளக் கல் நடுங்கள். மோட்டார் மின் கேபிளும் இதுவும் ஒரே குழாயில் போகக் கூடாது. ஓரடியாவது இடைவெளி வேண்டும். கொட்டகையில் சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா கேபிள் முனையை அரிக்கும். முனைகளை நீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள்.

மின்னலை மறக்க வேண்டாம்

நீளமான செம்புக் கம்பி, அருகில் விழும் மின்னலின் அதிர்வை வீட்டுக்குள் இருக்கும் ரெக்கார்டர் வரை கொண்டுவரும். வெளியே போகும் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் 'சர்ஜ் புரொடெக்டர்' பொருத்தி, அதை முறையான எர்த்துடன் இணையுங்கள். எர்த் இல்லாத சர்ஜ் புரொடெக்டரால் பயனில்லை. தென்னை மரத்திலும், தோட்டத்திலேயே உயரமான கம்பத்திலும் கேமராவைக் கட்ட வேண்டாம். நேரடி இடிக்கு எதுவும் தாங்காது. அடிக்கடி இடி விழும் இடங்களில் கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் கேபிள் போடுவது நல்லது. அதில் மின்னல் பாயாது. ஆனால் மின்சாரமும் போகாது. எதிர்முனையில் மின்சாரத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

மின்வெட்டும் பதிவும்

நமது உதாரணத்தில் கேமராக்கள், எக்ஸ்டென்டர், ஸ்விட்ச், ரெக்கார்டர், ரௌட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 60 வாட் எடுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட் மணி. இன்வெர்ட்டர் இழப்பு, பேட்டரி வயது எல்லாம் கழித்துப் பாதியை எடுத்துக்கொண்டாலும் 10 மணி நேரம் வரும். ஓர் இரவுக்கு இது போதும். அந்த இன்வெர்ட்டரில் மின்விசிறியையும் டிவியையும் சேர்த்தால் இந்தக் கணக்கு நிற்காது. மின்சாரத்தை வீட்டு இணைப்பிலிருந்தே எடுங்கள். மோட்டாருக்கான விவசாய இணைப்பில் கை வைக்க வேண்டாம்.

ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. ஆகும். நான்குக்கும் 86 ஜி.பி.க்கு மேல். 1 டி.பி. ஹார்டு டிஸ்கில் சுமார் 11 நாள் பதிவு இருக்கும். வாரம் ஒருமுறைதான் தோட்டத்துக்கு வருகிறவருக்கு இது போதும். மாதம் ஒருமுறை வருகிறவர் 3 டி.பி.க்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

பொருத்திய பிறகு

ரெக்கார்டரைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். திருடுபவர் அதையும் எடுத்துப்போனால் சாட்சியும் போய்விடும். கருவியுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். இரவில் விளக்கொளிக்கு வரும் பூச்சியைப் பிடிக்கச் சிலந்தி வலை பின்னும்; வலை மறைத்தால் படம் முழுக்க வெள்ளையாகத்தான் தெரியும். வாரம் ஒருமுறை துடையுங்கள். பக்கத்துத் தோட்டத்து வீட்டையும், வேலைக்கு வருபவர்கள் உடை மாற்றும், ஓய்வெடுக்கும் இடங்களையும் பார்க்கும்படி கேமராவைத் திருப்ப வேண்டாம். 'இங்கே கேமரா உள்ளது' என்று கேட்டில் ஒரு பலகை இருப்பது முறையும் கூட, திருட்டுக்குத் தடையும் கூட.

திருட்டுக்கு மட்டும்தான் கேமரா என்றில்லை. கன்று ஈனும் நாளில் சினைமாட்டை இரவு முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். கைபேசியில் பார்த்துக்கொண்டு, வேண்டியபோது எழுந்து போகலாம்.

விலை கேட்கப் போகும்போது வரைபடத்தைக் கையில் கொண்டுபோய், ஐந்து விவரங்களை எழுதி வாங்குங்கள்: ஸ்விட்ச்சின் மொத்த வாட், போர்ட்டின் தரம், கேபிள் முழுச் செம்பா என்பது, சர்ஜ் புரொடெக்டர் எத்தனை, ஹார்டு டிஸ்க்கின் அளவு. வேலை முடிந்த அன்று இரவு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, நான்கு கேமராவும் ஒரு மணி நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.