வீட்டு வாசலில் வந்து நிற்கும் கேள்வி

 

பிள்ளைகளோடு அமெரிக்காவில் வாழும் முதிய பெற்றோர் நம்மவரிலும் உளர். அத்தகைய ஒருவருக்கு வீட்டில் வைத்து இதயம் நின்றுவிட்டால், குடும்பத்தார் 911 எனும் இலக்கத்தை அழைப்பர். விரைந்து வரும் அவசர சேவையினர், ஆலோசனை நடத்திக்கொண்டு நிற்பதில்லை. இரத்தவோட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பாதிப்படையத் தொடங்கும். ஆதலால் உடனடியாக நெஞ்சை அழுத்தி மீளுயிர்ப்பளிக்க முயல்வதே அவர்களது கடமையாகும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவைகள், ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துவர். இதனால் பல உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன; முதியோரின் விலா எலும்புகள் முறிவதும் உண்டு.

தீராத நோயின் இறுதிக் கட்டத்தை அடைந்தவருக்கோ இம்முயற்சி பெரும்பாலும் பலனளிப்பதில்லை. அத்தகையோருக்காகவே, இதயம் நின்றால் மீளுயிர்ப்பு முயற்சி வேண்டாம் எனும் வைத்தியப் பணிப்பு உள்ளது. இதனை டீ.என்.ஆர். என்பர். சிகிச்சையே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. வலி நிவாரணம், ஒட்சிசன், பராமரிப்பு யாவும் தொடரும். நோயாளி விரும்பினால் எவ்வேளையிலும் அதனை இரத்துச் செய்யலாம்.

ஆயினும், "வாப்பா இதனை விரும்பவில்லை" என்று மகன் அழுதவாறு கூறுவது மட்டும் பல மாநிலங்களில் போதுமானதன்று. நோயாளி முன்னர் எழுதிவைத்த விருப்ப ஆவணமும் பொதுவாகப் போதாது. வந்திருப்போர் நோயாளியை முன்பின் அறியாதவர்கள். சொல்பவர் யார் என்பதை விசாரிக்கவும் அவகாசமில்லை. முறைப்படி கையொப்பமிடப்பட்ட மருத்துவப் பணிப்பு கண்முன் இருத்தல் வேண்டும். இத்தேவைக்காகவே 1990களில் ஒரேகன் மாநிலத்தில் பிரகாசமான இளஞ்சிவப்பு நிறப் படிவம் அறிமுகமானது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதனை ஒட்டிவைப்பர். 2009 முதல் அங்கு இதற்கெனப் பதிவகமும் இயங்குகின்றது. அவசர சேவையினர் அதனைத் தொடர்புகொண்டு நோயாளியின் பணிப்பை அறியலாம்.

இது ஷரீஆவுக்கு முரணானதா என்று கேட்கலாம். உயிரைப் போக்கும் கருணைக்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. பயனற்ற சிகிச்சையைத் தவிர்ப்பது வேறு விடயமாகும். சவூதி அரேபியாவின் நிரந்தர பத்வாக் குழு ஹிஜ்ரி 1409இல் (1988/89) இது குறித்துத் தீர்ப்பு வழங்கியது. நம்பகமான, துறைசார்ந்த மூன்று வைத்தியர்கள் பயனில்லை என முடிவு செய்தால், மீளுயிர்ப்பு முயற்சியைத் தவிர்க்கலாம் என்பதே அதன் சாரம். இம்முடிவு வைத்திய அறிவைச் சார்ந்தது. உறவினரின் ஆசையையோ களைப்பையோ சார்ந்ததன்று.

பெற்றோர்களே! தெளிவான அறிவுடன் இருக்கும்போதே வைத்தியரிடமும் ஆலிம்களிடமும் மஷூரா செய்து, உங்கள் முடிவைப் பிள்ளைகளுக்கு அறிவியுங்கள். இளைஞர்களே! மௌத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனமன்று. உம்மா, வாப்பாவின் விருப்பத்தைப் பணிவோடு கேட்டறியுங்கள். படிவம் உண்டெனில், அது இருக்குமிடத்தை வீட்டிலுள்ள யாவரும் அறிந்திருக்கட்டும். அவ்வாறான பணிப்பு இல்லையெனில், தயக்கமின்றி உதவிக்கு அழையுங்கள். உயிரைக் காக்க முயல்வதே அப்போதைய கடமை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல முடிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.