நுண்ணுயிரியல் நூலும் மானிப்பாய்த் தமிழும்



காங்கேசன்துறையில் எமது பாடசாலையிற் பயின்று மருத்துவபீடத்துக்குத் தெரிவான மாணவி ஒருத்தி, சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்திருந்தாள். உயர்தரத்தில் உயிரியலைத் தமிழிற் கற்றுச் சிறந்த பெறுபேறு பெற்றவள். "சேர், பாடம் விளங்குது, புத்தகந்தான் விளங்குதில்லை" என்றாள். அவளது கைத்தொலைபேசியில் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆங்கில நுண்ணுயிரியல் நூலொன்று இருந்தது. விலையை வினவினேன். "சும்மா கிடைச்சது" என்றாள். களவாகப் பிரதிசெய்ததோ என ஒருகணம் ஐயுற்றேன், அவ்வாறன்று.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த 'ஓப்பன்ஸ்ராக்ஸ்' அமைப்பு, அமெரிக்க நுண்ணுயிரியற் சங்கத்தின் துணையோடு 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் அது. தாதியர் முதலிய சுகாதாரத்துறை மாணவரைக் கருதி 26 அத்தியாயங்களாக அமைந்துள்ளது. எவரும் காசின்றிப் பெறலாம், அச்சிடலாம், மூலத்தைக் குறிப்பிட்டு மொழிபெயர்க்கவும் செய்யலாம். ஆய்வுகூடக் கைந்நூல்கள் சிலவும் இவ்வாறே வழங்கப்படுகின்றன. 1990 இல் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது புத்தகங்களைச் சுமந்து செல்ல எமக்கு அவகாசம் இருக்கவில்லை. சட்டைப்பையில் அடங்கும் நூலின் அருமையை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் கைந்நூல், கதைப்புத்தகம் போன்று பாதி விளங்கினாற் போதும் என்று விடத்தக்கதன்று. கிராம் சாயமேற்றலை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி வழுக்கியிற் பூசிய பற்றீரியாக்களுக்கு முதலில் ஊதாச் சாயம், பின் அயடீன், அதன்பின் அற்ககோல், ஈற்றிற் சிவப்புச் சாயம். தடித்த சுவருள்ளவை ஊதாவாகவே நிற்கும். ஏனையவை நிறமிழந்து செந்நிறம் பெறும். அற்ககோல் ஊற்றுவது சில விநாடிகளே. நேரம் மிஞ்சினால் ஊதாவாக நிற்க வேண்டியதும் நிறமிழந்துவிடும். ஒரு வகை மற்றொன்றாகத் தோன்றும். நோயாளிக்கு எம்மருந்து கொடுப்பது என்னும் தீர்மானமே அதனாற் பிழைத்துப்போகக்கூடும். நான் கலைப் பட்டதாரி; இவற்றை எமது உயிரியல் ஆசிரியையிடம் கேட்டே அறிந்தேன்.

இத்தகைய அறிவு தமிழுக்கு ஏலாது என்பாருக்கு மானிப்பாயே விடை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். கற்றுத் தேறியோர் கிராமத்தில் தங்காது உத்தியோகம் நாடிச் செல்வதைக் கண்டு, 1864 முதல் தமிழுக்கு மாறினார். தம் மாணவரின் துணையோடு 'இரண வைத்தியம்' 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும், 'கெமிஸ்தம்' 1875 இலும் வெளியிட்டார். 1873 இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும் அப்பணியை விட்டாரல்லர். 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. அவருடைய சொற்களிற் சில இன்று எமக்கே கரடுமுரடாகத் தோன்றும். ஆனால் அவை நோயாளியின் கட்டிலருகே வழங்கிய சொற்கள்.

கிறீன் 1884 இற் காலமானார். கிராம் தமது சாயமுறையை வெளியிட்டதும் அவ்வாண்டிலேதான். காசநோய்க் கிருமியை 1882 இல் அறிவித்த கொக், வாந்திபேதிக் கிருமியைக் கல்கத்தாவிலிருந்து அறிவித்ததும் அதே 1884 இல். வாந்திபேதி யாழ்ப்பாணத்தைப் பலமுறை வாட்டிய நாட்களில், அதன் காரணியை அறியாமலே கிறீனும் மாணவரும் போராடினர். நுண்ணுயிரியல் தலையெடுத்த வேளையில், அதனைத் தமிழில் எழுத அவர் இல்லை.

அம்மாணவியும் ஆசிரியையும் இப்போது ஆய்வுகூடப் பகுதிகளைத் தமிழாக்கத் தொடங்கியுள்ளனர். ஒன்பது பக்கங்கள் முடிந்துள்ளன. ஆங்கிலப் பரீட்சைக்கு உதவும்பொருட்டு மூலச் சொற்களையும் தமிழெழுத்தில் அருகே குறிக்கின்றனர். 'நிறநீக்கல்' என்பதா, 'நிறமகற்றல்' என்பதா என்று சென்ற வெள்ளிக்கிழமை மாலைமட்டும் வாதாடினார்கள். என்னிடம் தீர்ப்புக் கேட்டனர். நான் 'நிறநீக்கல்' என்றேன். ஆசிரியை இன்னும் இசையவில்லை.