மஞ்சளும் புற்றுநோயும்

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் மஞ்சள் பயிரிடும் விவசாயப் பெருமக்கள், "மஞ்சள் தின்றால் புற்றுநோய் தீரும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் எவ்வளவு உண்மை?

அறுவடைக்கு முன் மஞ்சள் இலைகள் பழுத்துக் காய்வதை ஆண்டுதோறும் காண்கிறீர்கள். இலை வெறுமனே அழிவதில்லை. தன்னிடமுள்ள சத்தில் ஒரு பகுதியைத் தானே செரித்துக் கிழங்குக்கு அனுப்பிய பிறகே காய்கிறது. நம் உடலின் உயிரணுக்களும் இவ்வாறே பழுதுபட்ட பாகங்களை ஒரு நுண்ணிய பையில் அடைத்து, கரைத்து, கிடைக்கும் சத்தை மீண்டும் பயன்படுத்துகின்றன. இதனைத் தன்செரிப்பு எனலாம். ஈஸ்ட்டில் இதற்கான மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

"உணவு இருக்கிறது, வளர்" என்ற கட்டளை உயிரணுவில் உள்ளவரை தன்செரிப்பு அடங்கியிருக்கும். புற்று அணுக்கள் பலவற்றில் இக்கட்டளை ஓய்வதேயில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் இதைத் தடுக்கிறது. மூளைப் புற்று அணுக்களில் குர்க்குமினை இட்டபோது தன்செரிப்பு மிகுந்து அவற்றின் வளர்ச்சி குன்றியதாக 2007-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. எனினும், பட்டினி கிடக்கும் புற்று அணு தன்செரிப்பினாலேயே பிழைத்துக் கொள்வதும் உண்டு.

இவை ஆய்வுக்கூடத்துத் தட்டிலும் எலியிலும் கண்டவை. மனிதருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்க்குமின் வரை கொடுத்துப் பார்த்தும் இரத்தத்தில் சேர்ந்தது மிகச் சொற்பமே. கிழங்கில் 3 விழுக்காடு குர்க்குமின் என்று கொண்டால், 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கும் மேல் மஞ்சள் தூள் தேவை! மிளகின் காரச்சத்தைச் சேர்த்தால் இரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதாக 1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் கண்டனர். ஆனால் சொற்பத்தில் 20 மடங்கும் பெரிதன்று. அதற்காக மிளகுச்சத்து கலந்த மாத்திரைகளை மிகுதியாக விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்களும் உள்ளனர்.

சாலையோரத்து நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் புற்றுநோய்க்கு மருந்தாகவே பயன்படுகிறது. அதுவும் மருத்துவர் அளந்து ஊசி மூலம் தருவது. இலையை மென்றால் நஞ்சு. குர்க்குமின் அந்த நிலையை இன்னும் எட்டவில்லை.

எனவே மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு போன்றவை கண்டால் மஞ்சளை நம்பி நாள் கடத்தாமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி உண்டு. சிகிச்சையில் இருப்பவர் குர்க்குமின் மாத்திரை உட்கொண்டால் மருத்துவரிடம் அவசியம் தெரிவிக்க வேண்டும். சில மருந்துகளின் வேலையை அது மாற்றக்கூடும். குழம்பில் இடும் மஞ்சளுக்கு இந்த அச்சம் வேண்டாம்.