எழுத்துரு உரிமங்களைப் படவுருக்களால் உணர்த்துதல்

கட்டற்ற மென்பொருள்களும் எழுத்துருக்களும் நீண்ட சட்ட வாசகத்துடன் வெளிவருகின்றன. அவ்வாசகத்தை முழுமையாகப் படிப்போர் சிலரே; உரிமப் படவுருக்களின் தேவை இங்கிருந்தே எழுகிறது. 2002ஆம் ஆண்டு வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதற்கு முன்மாதிரி ஆயின. அவற்றில் மனித உருவம் படைத்தவர் பெயரைச் சுட்டுதலையும், வளைந்த அம்பு அதே உரிமத்தில் பகிர்தலையும், கோடிட்டு அடிக்கப்பட்ட டாலர் குறி வணிகப் பயன்பாட்டுத் தடையையும், சமக்குறி மாற்றம் செய்யாமையையும் குறிக்கின்றன. உரிமத்தின் பெயரை வரையாமல் அதன் நிபந்தனைகளை வரைந்தமையே இவற்றின் சிறப்பு எனலாம்.

ஆயினும் இப்படவுருக்களை எழுத்துருக்களுக்கு அப்படியே இடுவது பிழையான பொருளைத் தரும். எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1ஆம் பதிப்பு (2007) இதற்குத் தக்க சான்றாகும். நோட்டோ சான்ஸ் தமிழ் உள்ளிட்ட பல தமிழ் எழுத்துருக்கள் இவ்வுரிமத்தில் கிடைக்கின்றன. எழுத்துருவை மட்டும் தனியே விற்பதை இவ்வுரிமம் தடுக்கிறது. மென்பொருளுடன் சேர்த்து விற்பதைத் தடுப்பதில்லை. அவ்வெழுத்துருவில் அச்சிட்ட நூலை விற்பதற்கும் தடையில்லை. இங்கு அடிக்கப்பட்ட டாலர் குறியை இட்டால், பதிப்பாளர் தமக்குள்ள உரிமையை இல்லையெனக் கருதி எழுத்துருவைக் கைவிட நேரும். அம்புக்குறியிலும் இதே இடர் உண்டு. திருத்தப்பட்ட எழுத்துரு அதே உரிமத்தில் வெளிவர வேண்டும். அதைக் கொண்டு உருவாக்கிய ஆவணத்தை அந்நிபந்தனை கட்டுப்படுத்தாது.

பெயர் தொடர்பான நிபந்தனை இன்னும் நுட்பமானது. உரிமையாளர் ஒரு பெயரை ஒதுக்கிவைத்திருப்பின், திருத்தியமைத்தவர் அனுமதியின்றி அப்பெயரைத் தம் எழுத்துருவுக்குச் சூட்டலாகாது. மனித உருவப் படவுரு ‘பெயரைக் குறிப்பிடுக’ என்கிறது. இந்நிபந்தனையோ ‘பெயரைச் சூட்டற்க’ என்கிறது. ஏறத்தாழ எதிரெதிரான இவ்விரண்டையும் ஒரே படவுருவில் அடக்க இயலாது. எல்லா எழுத்துருக்களிலும் பெயர் ஒதுக்கப்படுவதில்லை; ஆதலால் இதற்குரிய படவுரு, வேண்டுமிடத்தில் மட்டும் சேர்க்கத்தக்க தனி உறுப்பாக அமைதல் வேண்டும்.

எனவே வடிவமைப்பில் முதலில் பிரித்துக் காட்ட வேண்டியவை எழுத்துருவும் ஆவணமுமே. கட்டத்துக்குள் அமைந்த ‘அ’ எழுத்துருவையும், மடித்த முனையுடைய தாள் ஆவணத்தையும் குறிக்கலாம். விற்பனைத் தடைக்கோட்டைக் கட்டத்தின்மீது மட்டும் இட்டுத் தாளைத் தடையின்றி விட்டால் உரிமத்தின் கருத்து புலனாகும். இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால், 16 படப்புள்ளி அளவில் கோடுகள் கலந்துவிடும். அருகருகே வைப்பதே பொருந்தும். தடையையும் அனுமதியையும் சிவப்பு, பச்சை நிறங்களால் மட்டும் வேறுபடுத்துதல் கறுப்பு வெள்ளை அச்சில் பயன்படாது. ஓப்பன்டைப் எழுத்துருக் கோப்பின் பெயர் அட்டவணையில் உரிம விளக்கத்திற்கு 13ஆம் எண்ணும், உரிமத்தின் இணைய முகவரிக்கு 14ஆம் எண்ணும் ஒதுக்கப்பட்டுள்ளன. எழுத்துருத் தேர்வுப் பட்டியலில் படவுருவைச் சொடுக்கினால் இம்முகவரி திறக்குமாறு அமைக்கலாம்.