நீளமான காலின் வேலை

பிரிட்டன் வீடுகளில் இருட்டில் வெறுங்காலோடு நடப்பவர்கள் பயப்படும் பொருள் ஒன்று உண்டு. தரையில் மல்லாந்து கிடக்கும் பிளக். தட்டையான முதுகும் மூன்று பித்தளைக் கால்களும் கொண்ட அதை மிதித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆனால் சுவரில் செருகிவிட்டால், இவ்வளவு யோசித்துச் செய்த பிளக் வேறு உண்டா என்பது சந்தேகம்தான்.

இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, புதிதாகக் கட்டப்போகும் வீடுகளுக்கு மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய அங்கே ஒரு குழு அமைந்தது. அதில் இருந்த ஒரே பெண், மின்பொறியாளர் கரோலின் ஹாஸ்லெட். 1944இல் வந்த அறிக்கை, சிறு குழந்தைகளின் கைக்கு எட்டும் சாக்கெட் துளைகளுக்கு மூடி வேண்டும் என்றது. 1947இல் இந்த பிளக்குக்கான பி.எஸ். 1363 என்ற பிரிட்டிஷ் தரம் வெளியானது.

மூன்று கால்களில் எர்த் கால் மட்டும் நீளம். அது முதலில் உள்ளே போய், மற்ற இரண்டு துளைகளை அடைத்திருக்கும் தடுப்பை விலக்கும். குழந்தை ஃபேஸ் துளையில் ஆணியைக் குத்தினால் தடுப்பில்தான் முட்டும். 1984 திருத்தத்துக்குப் பின் ஃபேஸ், நியூட்ரல் கால்களின் அடிப்பகுதிக்கும் பிளாஸ்டிக் உறை வந்தது. பிளக் பாதி வெளியே இழுபட்டு நின்றாலும் விரலில் மின்சாரம் படாது.

திருகைக் கழற்றி உள்ளே பார்த்தால் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என மூன்று ஒயர்கள். பச்சை-மஞ்சள் எர்த் ஒயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டிருப்பார்கள். யாராவது வெடுக்கென்று இழுத்து ஒயர்கள் பிய்ந்தால், முதலில் ஃபேஸ் போகும். எர்த் கடைசியில்தான் விடும்.

பழுப்பு ஃபேஸ் ஒயரின் வழியில் ஒரு குட்டி ஃப்யூஸ். காரணம், செம்புச் சிக்கனம். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி ஒயர் இழுக்காமல், பல சாக்கெட்டுகளை ஒரே வளையமாக இணைக்கும் முறை அப்போது வந்தது. அந்த வளையத்தின் காவல் ஃப்யூஸ் 30 ஆம்பியர். மேசை விளக்கின் மெல்லிய ஒயர் அது எரியும் முன்பே கருகிவிடும்! அதனால் விளக்குக்கு 3, கெட்டிலுக்கு 13 ஆம்பியர் ஃப்யூஸ் பிளக்குக்குள்ளேயே குடியேறியது.

தமிழ்நாட்டுச் சுவர்களில் இருக்கும் உருளைக் கால் பிளக்குகளும் பிரிட்டனின் பழைய தரத்திலிருந்து வந்தவைதான். சிங்கப்பூர், மலேசியா வீடுகளிலோ பட்டைக் கால்கள் கொண்ட இந்த 13 ஆம்பியர் பிளக்தான். அங்கே இரண்டு கால் சார்ஜரைச் செருக, எர்த் துளையில் பேனாவை விட்டுத் தடுப்பைத் திறக்கும் கைவேலை பலருக்கும் தெரியும். ஆனால் பட்டைத் துளைக்குள் சார்ஜரின் உருளைக் கால் இறுகிப் பிடிக்காது. தளர்ந்த இடம் சூடேறும். அந்த இரண்டு கால் பிளக்குக்குள் ஃப்யூஸும் கிடையாது.