பழைய சிஸ்டத்தில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

திருவெண்ணெய்நல்லூர் போன்ற ஒரு தாலுகா ஊரில் ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை, போட்டோ ஸ்டூடியோ எல்லாம் மேசைக் கம்ப்யூட்டரை நம்பித்தான் ஓடுகின்றன. விழுப்புரத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ ஏழெட்டு வருடம் முன்பு வாங்கிய பெட்டி, காலையில் ஆன் செய்தால் பத்து நிமிடம் கழித்துத்தான் வேலைக்கு வருகிறது. போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு, அதற்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

‘இதைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிடுங்க’ என்பதுதான் கடையில் முதலில் கிடைக்கும் பதில். அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. சிஸ்டம் ஏன் ஸ்லோ ஆனது என்று தெரியாமல் செய்யும் செலவுதான் வீண்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிஸ்டம் திணறும் நேரத்தில் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நின்றுகொண்டே இருந்தால் நோய் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அதற்குள் இருப்பது சுழலும் தட்டு; பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று. தட்டின் மேல் ஒரு முள் ஊசலாடி ஊசலாடிப் படிக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ப் படிக்க ஏறக்குறைய நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். கேட்பதற்குச் சொற்பம்தான். ஆனால் விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, எல்லாம் சிப். தேடும் நேரம் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. ப்ராசஸரை மாற்றாமல், ரேமைத் தொடாமல், இந்த ஒன்றை மாற்றினாலே சிஸ்டம் வேறு சிஸ்டமாகிவிடும். சாட்டா வகை எஸ்எஸ்டி கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த ஏறக்குறைய எல்லா டெஸ்க்டாப்பிலும் பொருந்தும். கடை வேலைக்கு 256 ஜிபி போதும். பழைய டிஸ்க்கை போட்டோ, ஸ்கேன் வைத்துக்கொள்ள உள்ளேயே இரண்டாவதாக விட்டுவிடலாம்.

அடுத்தது ரேம். 4 ஜிபியை 8 ஆக்கினால் பிரவுசரில் பத்து பக்கம் திறந்தாலும் ஹேங் ஆகாது. ஆனால் டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 நுழையாது; வெட்டு விழுந்திருக்கும் இடமே வேறு. பழைய ரேமைக் கழற்றி, கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். இன்னொன்று: உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. 64 பிட் போடாமல் ரேம் வாங்கினால் காசு வீண். 2025 கடைசியிலிருந்து ரேம் விலையும் ஏறிக்கிடக்கிறது. உலகெங்கும் செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். அதனால் டிஸ்க் முதலில், ரேம் பிறகு.

பிராண்டட் பெட்டிக்கும் அசெம்பிள்டு பெட்டிக்கும் உள்ள வித்தியாசம், உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் பளிச்சென்று தெரியும். அசெம்பிள்டில் 24 பின் கொண்ட பொதுவான கனெக்டர் இருக்கும். கெட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். பிராண்டட் பெட்டிகள் பலவற்றில் பின் எண்ணிக்கையே வேறு, அளவும் வேறு. அதில் கிராஃபிக்ஸ் கார்டு, பெரிய எஸ்எம்பிஎஸ் என்றெல்லாம் ஆசைப்பட வேண்டாம்.

விண்டோஸ் 11 ஏறுமா என்பதைப் ப்ராசஸர் பெயரே சொல்லிவிடும். ஐ3-7100 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8400 என்றால் எட்டு, ஐ5-10400 என்றால் பத்து. இன்டெலில் எட்டும் அதற்கு மேலும் என்றால் பொதுவாகத் தகுதி உண்டு; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பல போர்டுகளில் அது இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கும், ஆன் செய்தால் போதும். ஏழும் அதற்குக் கீழும் என்றால் லினக்ஸ் நல்ல வழி. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் கிடைக்கிறது.

டிடிபி கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை இன்றும் பல கடைகளில் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில்தான் பிறக்கிறது. அதன் 7-ம் பதிப்பு 2001-ல் வந்தது, அதோடு சரி. அதில் அடித்த தமிழ் பெரும்பாலும் யூனிகோடு அல்ல. அந்தந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் மணமக்கள் பெயரே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது, ஆனால் கடை ஃபைல்கள் அப்படியே கிடக்கின்றன. ஃபார்மட் போடும் முன் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுங்கள். பேஜ்மேக்கர் ஓடும் பழைய சிஸ்டத்தை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து அதற்கென்றே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

காப்பி எடுப்பதைப் பற்றித் திருவெண்ணெய்நல்லூருக்கு வெளியூர்க்காரர் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. பெரியபுராணக் கதை இது: புத்தூர் மணப்பந்தலில், மணமகன் சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி ஒரு முதியவர் கொண்டுவந்த அடிமை ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார் சுந்தரர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வந்தது. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை இதோ என்று எடுத்து வைத்தார் முதியவர். சபையார் அதையும் உடனே நம்பவில்லை. ஆவணக் காப்பில் இருந்த அந்தப் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். டிஸ்க் மாற்றும்போதும் இதே முறைதான்: வெளியே ஒரு படி எடுக்க வேண்டும், எடுத்ததை வேறொரு சிஸ்டத்தில் திறந்து ஒப்பிட வேண்டும், அதன் பிறகே மூலத்தில் கை வைக்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நான் எண்ணுவதில்லை.

படியை எங்கே வைப்பது என்பதை 2024 டிசம்பர் கற்றுத் தந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறியது. அரசூர், இருவேல்பட்டுப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையே தண்ணீரில் நின்றது. தரையில் வைத்த சிபியு பெட்டிக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். நனைந்த பெட்டிக்கு ‘ஓடுதா பார்ப்போம்’ என்று கரண்ட் கொடுக்காதீர்கள். கொடுக்காமல் இருந்தால் டிஸ்க்கில் உள்ளதை மீட்க வாய்ப்பு உண்டு. பெட்டியை மேசைக்கு மேலே ஏற்றுங்கள். காப்பி எடுத்த டிஸ்க்கை அதே மேசை டிராயரில் போடாமல், மாடி உள்ள ஓர் உறவினர் வீட்டில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தேதி எழுதிக் கொடுத்து வையுங்கள்.