ஒரு போலீஸ்காரர், இரண்டு படங்கள்

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்தில் நமது நண்பர் ஒருவர் இருக்கிறார். சென்ற மாதம் அவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தோம். போன இடத்தில் நமக்கு நீதிபதி உத்தியோகம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நண்பரின் புதல்வர்கள் இருவருக்குள் ஒரு வழக்கு. அமெரிக்காவின் மேற்கு எல்லையில் சட்டத்தைக் காத்தவர் என்று புகழ்பெற்ற வயாட் ஏர்ப் என்பவரைப் பற்றி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு படங்கள் வெளிவந்தன. அவற்றில் எது உயர்ந்தது என்பதே வழக்கு. மூத்தவன் 1993 டிசம்பரில் வந்த "டூம்ஸ்டோன்" கட்சி. இளையவன் 1994 ஜூனில் வந்த "வயாட் ஏர்ப்" கட்சி. அந்த வீட்டு உப்பைத் தின்றுவிட்டபடியால் நாம் மறுக்க வழியில்லை. இரண்டு படங்களையும் பார்த்தோம்.

கதை இதுதான். 1881-ம் வருஷம் அக்டோபர் 26-ந் தேதி, அரிஸோனாவில் டூம்ஸ்டோன் என்ற சுரங்க ஊரில், ஏர்ப் சகோதரர் மூவரும், டாக் ஹாலிடே என்னும் பல் வைத்தியரும் ஒரு பக்கம். மாட்டுக்காரக் கோஷ்டி மறுபக்கம். சுமார் முப்பது வினாடி துப்பாக்கிகள் பேசின. மாட்டுக்காரர்களில் மூவர் மாண்டனர். அன்று ஊர்க் காவலுக்குத் தலைவராக இருந்தவர் வயாட் அல்ல, அவருடைய தமையனார் வெர்ஜில். ஆனாலும் புகழ் தம்பிக்கே போய்ச் சேர்ந்தது.

படங்களின் பிறப்பே ஒரு பங்காளிச் சண்டை. கெவின் ஜார் எழுதிய கதையில் நடிப்பதாக இருந்த கெவின் காஸ்ட்னர், மனம் ஒவ்வாமல் பிரிந்துபோய், லாரன்ஸ் காஸ்டன் என்ற டைரக்டருடன் தமக்கென ஒரு படம் எடுத்தார். ஜார் தாமே டைரக்ட் செய்யத் தொடங்கிய "டூம்ஸ்டோன்" பாதியில் அவர் கையை விட்டுப் போய், ஜார்ஜ் காஸ்மடோஸ் பெயரில் முடிந்தது. இத்தனை குளறுபடியில் பிறந்த பிள்ளைதான் ஓடியாடித் திரிகிறது! கர்ட் ரஸ்ஸலின் மீசையும், டாக் ஹாலிடேயாக வந்த வால் கில்மரின் இருமலும் கண்ணைவிட்டு அகலமாட்டேன் என்கின்றன. மற்றது மூன்று மணி பதினோரு நிமிஷம். கதாநாயகனின் பிள்ளைப் பிராயத்திலிருந்து தொடங்குகிறது. நாம் பொறுமையுடன் காத்திருந்தோம். அதற்குள் வீட்டு அம்மாள் இரண்டு தடவை காப்பி கொடுத்துவிட்டார். ஒன்றுமட்டும் சொல்ல வேண்டும்: பழிவாங்கப் புறப்பட்ட மனிதனின் மனம் எப்படிக் கல்லாகிறது என்பதை இந்த நீண்ட படம் மறைக்கவில்லை. ஜனங்கள் குட்டைப் படத்துக்கே பணத்தைக் கொட்டினார்கள்.

இந்த மனிதரைப் பற்றி முன்பும் பல படங்கள் உண்டு. 1946-ல் ஜான் போர்ட் எடுத்த "மை டார்லிங் கிளமென்டைன்" அவற்றில் அழகில் தலைசிறந்தது. உண்மையில் மிகவும் பின்தங்கியது. க்ஷயரோகத்தால் 1887-ல் படுக்கையில் இறந்த ஹாலிடேயை, அந்தப் படம் துப்பாக்கிச் சண்டையிலேயே கொன்றுவிடுகிறது. 1957-ல் பர்ட் லங்காஸ்டரை வைத்து ஏர்ப்பை மாவீரராக்கிய ஜான் ஸ்டர்ஜஸ், பத்து வருஷம் கழித்து அதே கதைக்குத் திரும்பி வந்தார். இம்முறை துப்பாக்கிச் சண்டையைத் தொடக்கத்தில் வைத்து, அதன் பிறகு வந்த பழியுணர்ச்சியைக் காட்டினார். ஒரே களிமண்தான், அச்சு மாறும்போது பொம்மை மாறுகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

ஏர்ப்பின் புகழுக்குப் பெரிய ஆதாரம், ஸ்டூவர்ட் லேக் எழுதி 1931-ல் வெளிவந்த சரித்திரப் புத்தகம். 1929-ல் இறப்பதற்கு முன் ஏர்ப் தம் கதையைத் தாமே அவரிடம் சொல்லியிருந்தார். தாமே சொல்லி எழுதி வாங்கிய நற்சாட்சிப் பத்திரம் எப்படி இருக்கும் என்று நேயர்கள் ஊகிக்கலாம்.

தீர்ப்பு வாசிக்கத் தொண்டையைச் செருமினோம். அப்போது கூடத்து மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டியம்மாள் கேட்டார்:

"சுட்டவன் நல்லவனோ கெட்டவனோ, அது இருக்கட்டும், தம்பி. செத்தவன் வீட்டுக்கு யாராவது வந்து என்ன ஏதுன்னு விசாரிச்சாங்களா?"

நமது தீர்ப்பு வாயிலேயே நின்றுவிட்டது. உண்மையில் விசாரித்தார்கள். இறந்தவர்களில் இருவருக்குச் சகோதரரான ஒரு வக்கீல் டெக்ஸாஸிலிருந்து வந்து வாதாடினார். ஸ்பைசர் என்ற நீதிபதி முன் ஏறக்குறைய ஒரு மாதம் சாக்ஷிகள் பேசினார்கள். குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இல்லையென்று அவர் விடுவித்தார். பிறகு ஏர்ப்பின் தம்பி மார்கன் கொல்லப்பட, ஏர்ப் பழிவாங்கப் புறப்பட்டார். கடைசியில் சட்டத்தின் காவலர் மேலேயே கொலைக்கு வாரண்டு பிறந்தது. அவர் அரிஸோனாவை விட்டே போனார். போட்டியிட்ட இரண்டு படங்களிலும் துப்பாக்கிக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சாக்ஷிக் கூண்டுக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்வானேன்? தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் கூடும் காட்டில் நமக்கும் ஓர் எல்லைக் கதை உண்டு. 2004-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி இரவு, பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்ஸ் வண்டியில் வந்த வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த இரவைப் பற்றியும் போட்டிப் படங்கள் வந்தன. ஏ. எம். ஆர். ரமேஷின் "வனயுத்தம்" (2013) அதிரடிப்படைத் தலைவர் ஸ்ரீ விஜயகுமாரை நாயகராக்கியது; வேஷம் அர்ஜுன். ராம் கோபால் வர்மாவின் கன்னடப் படமான "கில்லிங் வீரப்பன்" (2016), வலை விரித்த ஓர் உளவு அதிகாரிக்கு மாலை சூட்டியது. அந்த வேஷத்தில் சிவராஜ்குமார். 2000-ம் வருஷத்தில் வீரப்பன் 108 நாள் காட்டில் சிறைவைத்திருந்த ராஜ்குமாரின் மூத்த புதல்வர்தான் அவர்! முன்னது சம்பவங்களை வரிசையாக அடுக்குகிறது. பின்னது அரக்கனை வெல்ல அரக்கனாகவே வேண்டும் என்று வாதிக்கிறது. வேகத்தில் பின்னதே மேல்.

ஆனால் பாட்டியம்மாளின் கேள்வியைப் போட்டால் இரண்டுமே தடுமாறும். வேட்டையின்போது இருபுறமும் நசுங்கியவர்கள் மலை ஜனங்கள். அதிரடிப்படையின் கொடுமைகளை விசாரித்த சதாசிவா குழுவுக்குப் பின், 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2007-ல் சொல்லிற்று. அந்த 89 பேரின் கதைக்கு இந்தப் படங்களில் இடம் ஏது?

பாட்டியம்மாள் காரணமில்லாமல் கேட்கவில்லை. 1993 மார்ச்சில், பக்கத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவர் குலத்து ஏழைத் தொழிலாளியைத் திருட்டுக் குற்றம் சாட்டி, இதே கம்மாபுரம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடித்ததில் அவர் இறந்தார். தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸார் சொன்னார்கள். அவர் மனைவி நம்பவில்லை. உள்ளூர்க் கம்யூனிஸ்டுத் தொண்டர்கள் துணை நின்றார்கள். வக்கீல் சந்துரு ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 2006-ல், போலீஸார் குற்றவாளிகளே என்று ஹைகோர்ட் தீர்ப்பளித்தது.

இதுவே த. செ. ஞானவேல் எடுத்த "ஜெய் பீம்" (2021). "சிங்கம்" படத்தில் போலீஸ் அதிகாரியாக அடித்து நொறுக்கிய சூர்யா, இதில் வக்கீலாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார். இந்தப் படமும் குறையற்றது அல்ல. குறவர் குடும்பத்தை இருளர் குடும்பமாக மாற்றியது. பலர் கூடி இழுத்த தேரின் வடத்தைப் பெரும்பாலும் ஒருவர் கையில் கொடுத்தது. ஆயினும் இறந்தவன் வீட்டுக்குள் அது நுழைந்து, மனைவியின் முகத்தை நமக்குக் காட்டியது. பெருமாள்சாமி என்னும் அதிகாரியாகப் பிரகாஷ் ராஜ் வருகிறார். தம் இலாகாவைச் சேர்ந்தவர்கள் மீதே கண்டதைக் கண்டபடி எழுதிக் கோர்ட்டில் கொடுக்கிறார். துப்பாக்கி தூக்கிய வீரர்களைவிட அந்தக் காகிதம் தூக்கிய அதிகாரியே நம் மனத்தில் நிற்கிறார். அந்நியர் ஆட்சியில் தடியடி பட்ட நாட்டுக்கு, சுதந்திரம் வந்த பின் வேண்டிய போலீஸ்காரர் இவரல்லவா?

கடைசியில் பிள்ளைகளுக்குத் தீர்ப்பும் சொன்னோம். விறுவிறுப்புக்கு "டூம்ஸ்டோன்", மனத்தாங்கலுக்கு "வயாட் ஏர்ப்". மூத்தவனுக்குச் சந்தோஷம், இளையவனுக்கு அரைச் சந்தோஷம்.

"பாட்டி கேட்டதற்கு?" என்றான் இளையவன்.

"அந்த வழக்கில் இரண்டும் தோல்வி" என்றோம்.

மறுநாள் காலையில் பஸ் ஏறப் போகும்போது, போலீஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று நண்பரைக் கேட்டோம். அவர் பேசாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.